இதய அழற்சியும் இரு மருத்துவங்களும்: தென் திருவிதாங்கூர் கண்ட வரலாறு

இதயத்தின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே ஓர் உறை, நடுவே தடித்த தசை, உள்ளே அறைகளையும் வால்வுகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு. இந்த மூன்றில் எது வீங்கிப் புண்பட்டாலும் அது இதய அழற்சி. காக்சாக்கி போன்ற வைரஸ்கள் தசையைத் தாக்குவதால் இது வரலாம். தொண்டையில் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் தற்காப்பு, தவறுதலாகச் சொந்த வால்வுகளையே தாக்குவதாலும் வரலாம். நஞ்சுகளும் ஊட்டக் குறைவும்கூடக் காரணமாகின்றன.

இந்த நோயின் போக்கு ஒரே சீரானதல்ல. தசை அழற்சி கண்டவர்களில் பலர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேர்கிறது. வேறு சிலருக்கு எல்லாம் சரியானதுபோல் தோன்றி, பல ஆண்டுகளுக்குப் பின் இதயம் விரிந்து பலவீனப்பட்டு மூச்சுத் திணறலாக வெளிப்படுகிறது. தானே தணியும் நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் பலித்ததுபோல் தெரியும். நாட்டு மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் சேர்த்து இந்நோய்க்குச் சிகிச்சை தர முயன்ற வரலாறு முழுவதிலும், சீனாவில் ஆனாலும் தென் திருவிதாங்கூரில் ஆனாலும், இந்த உண்மையே மையச் சிக்கலாக நிற்கிறது.

குலசேகரமும் அதன் வைத்திய மரபும்

குலசேகரம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர். மலைப்பக்கம் பேச்சிப்பாறையும் கோதையாறும், அருகே திற்பரப்பு அருவி, சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி, முதலில் திருவிதாங்கூர் அரசிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், கல்குளம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. அன்று சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணைந்தது. மொழி எல்லையில் அமைந்த ஊர் என்பதால் வைத்தியத்திலும் இரண்டு மரபுகள் இங்கே கலந்தே வளர்ந்தன. ஒருபுறம் தமிழ்ச் சித்தர் ஏடுகள். மறுபுறம் கேரள வைத்தியர்கள் தலைமேல் வைத்துப் போற்றிய வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்'. ஒரே வைத்தியர் செந்தூரமும் கொடுப்பார், கேரள முறைக் கஷாயமும் எழுதித் தருவார்.

மருந்துப் பொருள்களை இந்த வட்டாரத்தார் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். கடையில் வாங்கும் சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் போன்றவை அங்காடி மருந்து. வீட்டுத் தோட்டத்திலிருந்தோ காட்டிலிருந்தோ அப்போதைக்குப் பறித்து வருவது பச்சை மருந்து. மலையில் வாழும் காணிக்காரர்கள் பச்சை மருந்தின் இருப்பிடம் அறிந்தவர்கள். இவர்களோடு வர்ம ஆசான்களும் இருந்தார்கள். உடலில் 108 வர்மங்கள் உண்டு, அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது அவர்களுடைய கணக்கு. மார்பில் அடிபட்டு மயங்கியவரை அடங்கல் என்னும் மீட்புப் புள்ளிகளில் தட்டி எழுப்புவதும், பிறகு இளக்குமுறை செய்து தைலமும் கஷாயமும் கொடுப்பதும் அவர்கள் தொழில். அது காயத்துக்கான மருத்துவம். காய்ச்சலோடு வரும் இதய நோய் பொது வைத்தியர்களின் பொறுப்பில் இருந்தது.

பழைய நூல்களில் இதய நோய்

சரகர் இதய நோயை ஐந்தாக வகுத்தார்: வாதம், பித்தம், கபம் ஆகிய ஒவ்வொன்றாலும் வருவது மூன்று, மூன்றும் சேர்ந்து கெட்டு வருவது ஒன்று, கிருமியால் வருவது ஒன்று. சித்த மருத்துவத்தில் இதயத்துக்குத் தமரகம் என்று பெயர். அதன் கோளாறுகள் தமரக நோய் எனப்பட்டன. இதய அழற்சி என்ற தனி நோயைப் பழைய நூல்கள் பிரித்துக் காட்டவில்லை. ஆனால் அதன் ஒரு முக்கியமான முகத்தை அவை கண்டிருக்கின்றன. ஆமவாதம் என்ற நோயை விரிவாக விளக்கிய 'மாதவ நிதானம்', மூட்டு மூட்டாக வீங்கி வலிக்கும் அந்த நோய் முற்றும்போது காணும் குறிகளில் ஒன்றாக இதயத்தைப் பிடித்ததுபோன்ற வேதனையையும் சொல்கிறது. மூட்டு நோய்க்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நோயாளியைக் கவனித்தே கண்டறிந்திருக்கிறார்கள் என்று கொள்ள இது இடம் தருகிறது.

இதய நோய்க்குரிய மருந்துகளில் நிலைத்த பெயர் பெற்றது மருதம்பட்டை. குமரி வட்டாரத்திலும் கேரளத்திலும் நீர்மருது என்று அறியப்படும் அந்த மரம் ஆற்றங்கரைகளில் ஓங்கி வளர்வது. வாக்படர் அதை இதய நோய்க்குக் குறிப்பிட்டார். 11ஆம் நூற்றாண்டின் சக்ரதத்தர் பாலில் காய்ச்சித் தரும் முறையை எழுதினார். பால் கஷாயத்தின் கணக்கு திட்டமானது. இடித்த பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. சிறுதீயில் வைத்துத் தண்ணீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும் வரை காய்ச்ச வேண்டும். தீ கூடினால் பால் அடிப்பிடித்துவிடும். குறைந்தால் தண்ணீர் நின்றுவிடும். வடிகட்டும்போது பட்டையின் துவர்ப்பு பாலில் இறங்கி இளஞ்சிவப்பு நிறம் தட்டியிருக்கும். இந்தக் கஷாயம் இன்றும் வீடுகளில் காய்ச்சப்படுகிறது.

நாடி பார்ப்பதில் தேர்ந்த வைத்தியர் துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கின்மையையும் விரலால் உணர்ந்தார். ஆனால் வால்வு பழுதுபட்டு ரத்தம் பின்னோக்கிக் கசியும்போது எழும் முணுமுணுப்பு ஓசை விரலுக்கு எட்டாது. 1816இல் பிரான்சில் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அது காதுக்கு எட்டியது. அந்தக் கருவி தென் திருவிதாங்கூருக்கு வந்தது மிஷன் மருத்துவர்களின் கையில்.

நெய்யூரும் நாகர்கோவிலும்

லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நின்றுபோய், 1850களில் டாக்டர் சார்ல்ஸ் லீச் வந்து மீண்டும் தொடங்கினார். அவர் முட்டம் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். 1861இல் வந்த டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் சுற்றுவட்டாரக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழும் மலையாளமும் பேசும் நாட்டினர் மேலை மருத்துவத்தைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றது இப்படித்தான் தொடங்கியது. 1890களில் சால்வேஷன் ஆர்மி நாகர்கோவிலில் தொடங்கிய மருந்தகம் பின்னர் காதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது.

1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்றபின் நெய்யூரைப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் ஹோவார்ட் சாமர்வெல், நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். குடல் புண் அறுவையில் நெய்யூர் பெயர் பெற்றது அவர் காலத்தில். மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலர் முதலில் வைத்தியரிடம் போய்விட்டு வந்தவர்கள். வீட்டுக்குத் திரும்பியபின் மறுபடியும் வைத்தியரிடம் போனவர்களும் உண்டு. அறுவைக்கு ஆஸ்பத்திரி, வாதத்துக்கு வைத்தியர், முறிவுக்கு ஆசான் என்று மக்களே ஒரு பிரிவினையை வகுத்துக்கொண்டார்கள். இரு மருத்துவத்தையும் முதலில் சேர்த்தவர்கள் நோயாளிகள்தாம். ஒரு மருத்துவருக்கு மற்றவர் என்ன கொடுத்தார் என்பது தெரியாமலே அது நடந்தது.

திருவிதாங்கூர் அரசு இரண்டு பக்கமும் கைகொடுத்தது. அம்மை குத்துதலை 1813இல் ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில் தொடங்கிய அதே அரசு, 1889இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலையையும் திறந்தது. வைத்தியர்களுக்கு மானியமும் கொடுத்தது. ஆனால் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் முயற்சி வேறு இடங்களில் நடந்தது.

சேர்க்கும் முயற்சிகள்

1902இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவிய பி. எஸ். வாரியர், மஞ்சேரியில் டாக்டர் வர்கீஸ் என்பவரிடம் மேலை மருத்துவமும் கற்றவர். உடற்கூறியலை அறிந்த வைத்தியரே முழுமையான வைத்தியர் என்பது அவர் கருத்து. கஷாயத்தை அன்றன்று காய்ச்சாமல் புட்டியில் அடைத்து விற்கும் முறையைப் பரப்பியதிலும் அவருடைய வைத்தியசாலைக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னை மாகாணத்தில் அரசே இதில் இறங்கியது. நாட்டு மருந்துகளைச் சோதிக்க 1918இல் டாக்டர் எம். சி. கோமன் நியமிக்கப்பட்டார். அவர் மருந்துகளை ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்து விளைவுகளைக் குறித்தார். அவருடைய அறிக்கை நாட்டு மருத்துவக் கோட்பாடுகளைக் குறைத்து மதிப்பிட்டதாக வைத்தியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் விளைவாக 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் படித்தவர். நாட்டு மருத்துவக் கோட்பாடுகளை விரிவாக விளக்கி எழுதினார். 1923இல் குழு அறிக்கை தந்தது. 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி இயங்கத் தொடங்கியது. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு உடற்கூறியலும் அறுவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னர் அது ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது.

அந்த ஒருங்கிணைப்பு நிலைக்கவில்லை. மாணவர்கள் மேலை மருத்துவத்தின் பக்கமே சாய்ந்தார்கள். வைத்தியர்களோ தங்கள் மரபு நீர்த்துப்போவதாக வருந்தினார்கள். 1960இல் அந்தக் கல்லூரி இருந்த இடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி உருவானது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தனியாகத் திறக்கப்பட்டது. பாடத்திட்டத்தில் சேர்ந்திருந்தவை நிறுவனங்களாகப் பிரிந்தன. 1970இன் இந்திய மருத்துவ மத்திய மன்றச் சட்டம் அந்தப் பிரிவை நாடு முழுவதும் உறுதிப்படுத்தியது.

முயற்சி தோற்றதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு. இரு மருத்துவத்தையும் ஒரே மாணவருக்குக் கற்பித்தார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு எது பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று இரண்டையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடும் வழி அப்போது உருவாகியிருக்கவில்லை. மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு முறை 1940களின் இறுதியில்தான் மருத்துவத்தில் நிலைபெற்றது.

மூட்டிலிருந்து இதயத்துக்கு

இந்த ஒப்பீடு ஏன் தேவை என்பதை ருமாட்டிக் காய்ச்சல் தெளிவாகக் காட்டுகிறது. இந்தியாவில் இளம் வயது இதய நோய்க்கு நீண்ட காலம் முதன்மைக் காரணமாக இருந்தது இதுவே. இடநெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளில் இது பரவலாக வந்தது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை வலி வந்து போகிறது. இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு ஒரு முழங்கால் வீங்குகிறது. அது வடியும்போது அடுத்த நாள் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வலி இடம் மாறிக்கொண்டே போகிறது. அதே வேளையில் இதயத்தின் மூன்று அடுக்குகளும் அழற்சி கொள்ளலாம்.

வலி இடம் மாறும் நோயை வீட்டார் வாதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ராஸ்னாதி கஷாயமும் வலிக்குத் தைலமும் கொடுக்கப்பட்டன. சில வாரங்களில் வீக்கம் முற்றிலும் வடிந்தது. கஷாயம் கேட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் ருமாட்டிக் காய்ச்சலின் மூட்டு வீக்கம் மருந்தே இல்லாவிட்டாலும் தழும்பின்றித் தணிந்துவிடும். தணியாதது இதயத்தின் வால்வில் விழுந்த வடு. ஒவ்வொரு முறை தொண்டை நோய் திரும்பும்போதும் அந்த வடு தடித்தது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து, படியேறும்போது மூச்சிரைக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சிறு வயதில் வந்த வாதத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. முதல் பிரசவத்தின்போது இது வெளிப்பட்டு உயிரிழந்த பெண்களும் உண்டு.

மேலை மருத்துவமும் இதே மயக்கத்தில் இருந்ததுதான். 1876இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மக்லகன், வில்லோ மரப்பட்டையிலிருந்து எடுத்த சாலிசினை ருமாட்டிக் காய்ச்சலுக்குக் கொடுத்து வியப்பூட்டும் பலன் கண்டார். அதன் வழித்தோன்றலே ஆஸ்பிரின். காய்ச்சலும் வலியும் விரைவில் அடங்கின. ஆனால் வால்வின் சேதத்தை ஆஸ்பிரின் தடுக்கவில்லை என்று பின்னர் வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. நோயை உண்மையில் மாற்றியது பெனிசிலின். 1950களில் வந்த பென்சத்தீன் பெனிசிலின் ஊசியை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டால் தொண்டை நோய் திரும்புவதும், அதனால் வால்வு மேலும் கெடுவதும் தடுக்கப்படுகின்றன. மூட்டு வலி போன பிறகும், உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோதும் குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்பதைப் பெற்றோருக்குப் புரியவைப்பதே இந்தச் சிகிச்சையின் பெரும் சவாலாக இருந்தது.

திருவனந்தபுரத்தின் வால்வு

வால்வு முற்றிலும் கெட்டவர்களுக்கு அதை மாற்றுவது ஒன்றே வழி. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தது. மார்த்தாண்டம் வழியாகப் போகும் குலசேகரம் வட்டார நோயாளிகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய இதய மருத்துவமனைகளில் ஒன்றும் அது.

முதல் மாதிரிகள் தோற்றன. ஒவ்வொரு தோல்வியும் எந்த உலோகம் தேய்கிறது, எந்தப் பற்றவைப்பு விடுகிறது என்பதைக் காட்டியது. இறுதியில் நிலைத்த வடிவத்தில், கோபால்ட் கலப்பு உலோகத்தால் ஆன சட்டத்துக்குள் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டு ஒன்று ரத்த ஓட்டத்துக்கேற்பச் சாய்ந்து திறந்து மூடுகிறது. சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம், அதில் இழை கோத்து இதயத்தோடு தைக்கிறார்கள். உலோகத்தின் மேல் நெகிழி மோதுவதால் ஓசை குறைவு. 1990 டிசம்பர் 6இல் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அந்த சித்ரா வால்வு பின்னர் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குப் பொருத்தப்பட்டது.

வலியத்தான் இந்தக் கதையில் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானவர். அறுவைத் தொழிலிலிருந்து விலகிய பிறகு அவர் ஆயுர்வேத அறிஞர் ராகவன் திருமுல்பாட்டிடம் மாணவராக அமர்ந்து சரகரைக் கற்றார். 2003இல் சரகர் பற்றியும், பிறகு சுசுருதர், வாக்படர் பற்றியும் நூல்கள் எழுதினார். ஆயுர்வேதக் கருத்துகளை இன்றைய உயிரியலின் கருவிகளால் சோதிக்கும் தேசிய ஆய்வுத் திட்டத்துக்கு வழிகாட்டினார். பாடத்திட்டங்களைக் கலப்பதற்குப் பதிலாக, ஒரு மரபின் கூற்றை மற்றதன் அளவுகோலால் சோதிப்பது என்ற வழியை அவர் தேர்ந்தார். 2024 ஜூலையில் அவர் காலமானார்.

மணலும் மண்ணும்

தெற்குக் கேரளத்தில் காணப்பட்ட மற்றொரு இதய நோய், உட்சவ்வு நார்த்தடிப்பு நோய். இதயத்தின் உள்சவ்வு அழற்சி கண்டு, தடித்து, இறுகி, அறைகள் விரிய முடியாமல் போகும். 1948இல் உகாண்டாவில் டேவிஸ் இதை விவரித்தார். கேரளத்தில் இந்நோய் ஏழைக் குடும்பத்து இளையவர்களிடம் மிகுந்து காணப்பட்டது.

இந்நோயின் காரணத்தைத் தேடியவர்களின் பார்வை இந்தக் கடற்கரையின் மணல்மேல் விழுந்தது. 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். தோரியமும் சீரியமும் கொண்ட அந்த மணல் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லம் கடற்கரை வரை கிடக்கிறது. உட்சவ்வு நோயுற்றவர்களின் இதயத் திசுவில் இத்தனிமங்கள் மிகுந்திருப்பதை ஸ்ரீ சித்திரை நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். மண்ணிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வழியாகச் சீரியம் உடலில் சேர்கிறது, மக்னீசியக் குறைவு அதன் தீங்கைக் கூட்டுகிறது என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள். அது முழுமையாக நிறுவப்படவில்லை. உணவும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்த பிறகு புதிய நோயாளிகள் வெகுவாகக் குறைந்தார்கள்.

சீனாவில் இதற்கு இணையான ஒன்று உண்டு. 1935இல் வடகிழக்குச் சீனாவின் கெஷான் வட்டாரத்தில் இதயத் தசை அழியும் நோய் ஒன்று பரவியது. மண்ணில் செலீனியம் குறைந்த பகுதிகளில் மட்டும் அது காணப்படுவதை அறிந்து, 1970களில் குழந்தைகளுக்குச் சோடியம் செலீனைட் மாத்திரை கொடுத்து, கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். மாத்திரை பெற்றவர்களிடம் நோய் மிகக் குறைவாகவே வந்தது. செலீனியம் குறைந்த உடலில் காக்சாக்கி வைரஸ் கொடியதாக மாறுகிறது என்பதைப் பின்னர் எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின.

சீனாவின் கூட்டு மருத்துவம்

சீனாவில் இரு மருத்துவத்தைச் சேர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஜாங் ஷீசுன் (1860–1933). மூட்டு வீங்கிக் காய்ச்சல் கடுமையாகும்போது ஜிப்சம் கஷாயத்தோடு ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தார். எப்படிச் செய்தார், என்ன விளைந்தது என்பதை நூலாக எழுதினார். 1929இல் நான்ஜிங் அரசு சீன மருத்துவத்தையே ஒழிக்க முற்பட்டபோது மருத்துவர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். 1950களில் மாவோ அரசு அந்தக் கொள்கையைத் திருப்பிப்போட்டது. 1955இல் பெய்ஜிங்கில் சீன மருத்துவ ஆய்வுக் கழகம் அமைந்தது. மேலை மருத்துவர்கள் சீன மருத்துவம் கற்பதை அந்த ஆண்டுகளில் அரசு ஊக்குவித்தது. ஆஸ்பத்திரிகளில் இரண்டும் சேர்ந்தே வழங்கப்பட்டன.

வைரஸ் இதயத் தசை அழற்சிக்கு அங்கே ஹுவாங் சீ என்னும் வேர் பெரிதும் பயன்பட்டது. ஓய்வு, ஆக்சிஜன், துடிப்பைச் சீராக்கும் மருந்து ஆகியவற்றோடு அந்த வேரின் சாற்றையும் ஊசியாகவும் குடிநீராகவும் கொடுத்தார்கள். பலன் கண்டதாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு 2004இலும் பின்னர் வந்த புதுப்பிப்புகளிலும் ஒரே முடிவைத் தந்தது: துடிப்புக் கோளாறிலும் சில சோதனை அளவுகளிலும் பலன் இருக்கக்கூடும், ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, ஒப்பீடு சரியாகச் செய்யப்படாதவை, எனவே உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது. தானே தேறும் நோயாளிகள் பலர் இருக்கும் இந்நோயில், கவனமாகப் பிரிக்காத ஒப்பீடு எளிதில் ஏமாற்றும்.

சோதனைக்கு வந்த மருதம்

மருதம்பட்டையும் இதே சோதனையைச் சந்தித்தது. 1995இல் இந்தூரில் பரானியும் உடனிருந்தோரும் பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத இதயச் செயலிழப்பு கொண்ட 12 பேருக்கு, வழக்கமான மருந்துகளோடு பட்டைச் சாற்றை 500 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கொருமுறை கொடுத்தார்கள். அவர்களில் 10 பேருக்குக் காரணம் தெரியாமல் இதயம் விரிந்திருந்தது. பழைய தசை அழற்சியின் மிச்சமாகவும் அப்படி விரிவதுண்டு. யாருக்கு எப்போது மருந்து, எப்போது போலி மாத்திரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி இரு வாரம் இதுவும் இரு வாரம் அதுவும் தரப்பட்டன. பட்டை உண்ட காலத்தில் மூச்சுத் திணறலும் களைப்பும் குறைந்தன, இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு கூடியது. ஆனால் 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

2016இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் வெளியிட்ட பெரிய ஆய்வு 12 வாரம் நடந்தது. அதில் இதயத்தின் வெளித்தள்ளும் அளவு கூடவில்லை. நடக்கும் திறனிலும் உடல் சுகத்திலும் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மருதம் முற்றிலும் பயனற்றது என்றோ, இதயத்தைக் குணப்படுத்தும் என்றோ சொல்ல இன்றைய சான்று இடம் தரவில்லை. நூற்றாண்டுகளாகப் புகழ்ந்த ஒரு மருந்தின் எல்லை எது என்பதை ஓரளவு வரைந்து காட்டியது இந்தச் சோதனைகளின் பயன்.

சோதனையில் வென்ற நாட்டு மருந்தும் உண்டு. மேற்கு மலைத் தொடரில் விளையும் சர்ப்பகந்தியின் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் உலகுக்குக் காட்டினார். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. கொடுத்தவர்களையும் அளவையும் விளைவையும் எழுதி வைத்ததே அந்த வேரை உலக மருந்தாக்கியது.

தெரியாமல் சேர்வதன் ஆபத்து

இரு மருந்தும் உடலுக்குள் சந்திக்கும்போது தீங்கு விளையும் இடங்கள் இதய நோயில் அதிகம். அழற்சியால் பலவீனப்பட்ட இதயத்துக்கு டிஜாக்சின் கொடுப்பதுண்டு. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்; அந்நிலையில் வழக்கமான டிஜாக்சினே நஞ்சாகிவிடும். மஞ்சள் அரளியில் டிஜாக்சினை ஒத்த வேதிப்பொருள் இருப்பதால் அதன் எந்தப் பகுதியும் மருந்தாக உண்ணத்தக்கதல்ல. நாபி என்னும் நச்சுக் கிழங்கு சுத்தி செய்யப்படாமலோ அளவு மிகுந்தோ சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குலைக்கும். ஏற்கெனவே அழற்சி உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

சித்ரா போன்ற இயந்திர வால்வு பொருத்தியவர் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் உண்ண வேண்டும். சீனாவில் இதயத்துக்காகப் பரவலாகத் தரப்படும் டான்ஷென் வேர் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவை உண்டாக்கியது பதிவாகியுள்ளது. இதற்கு எதிர்ப்புறமாக, வைட்டமின் கே நிறைந்த முருங்கைக் கீரையைத் திடீரென்று அதிகம் உண்டால் வார்ஃபரின் வலுக்குறைந்து வால்வில் ரத்தம் உறையக்கூடும். எனவே வால்வு நோயாளியிடம் கஷாயமும் கீரையும் பற்றிக் கேட்டறிவது மருத்துவரின் கடமை. ஆஸ்பத்திரி மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வைத்தியரின் கடமை.

இன்றைய குலசேகரம்

இன்று குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா மருத்துவ அறிவியல் நிறுவனமும் சாரதா கிருஷ்ணா ஓமியோபதி மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஒரு சிறிய மாவட்டத்தில் இத்தனை மருத்துவ மரபுகளுக்கும் கல்லூரிகள் அமைந்திருப்பது அரிது. தொண்டை வலிக்குப் பின் மூட்டு வீங்கும் குழந்தையை எந்த மரபின் மருத்துவர் முதலில் கண்டாலும், இதயத்தின் ஓசையைக் கேட்கவும் எக்கோ எடுக்கவும் அனுப்ப வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நெஞ்சுவலியோடும் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வருபவருக்கு ஈ.சி.ஜி.யும் ரத்தத்தில் ட்ரோபோனின் சோதனையும் சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். கடும் தசை அழற்சியில் உயிர் காப்பது தீவிர சிகிச்சைப் பிரிவுதான்.

அந்த நெருக்கடி கடந்த பின் வரும் நீண்ட மீட்சிக் காலத்தில் நாட்டு மருத்துவத்துக்கு இடம் இருக்கலாம். உணவு, உறக்கம், ஓய்வு ஆகியவற்றில் வைத்திய மரபு வகுத்த ஒழுங்கு, பல மாதங்கள் கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டிய இந்நோயாளிக்குப் பொருந்தும். மருதம் போன்ற மருந்துகளின் இடத்தை முடிவு செய்ய வேண்டியது, இரு தரப்பு மருத்துவர்களும் ஒரே நோயாளிப் பதிவேட்டில் எழுதி, மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு நடத்தும் ஆய்வு. கோமன் காலத்தில் இல்லாத அந்த அளவுகோல் இன்று கையில் இருக்கிறது. தென் திருவிதாங்கூரின் நோயாளிகள் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாகத் தாங்களே செய்துவந்த சேர்க்கையை மருத்துவர்களின் அறிவோடும் பொறுப்போடும் நடக்கச் செய்ய அதுவே வழி.